அச்சுப்பொறியின் மீது ஒரு வீண்பழி

வீட்டில் வைஃபை மூலம் இயங்கும் அச்சுப்பொறி ஒன்று திடீரென்று அச்சிட மறுக்குமானால், அதைப்பற்றி நம்மவர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் இன்று ஏறக்குறைய ஏகமனதானது: அது நம்பத்தகாத யந்திரம், தன் இஷ்டத்துக்கு நடப்பது, அதன் நடத்தைக்குக் காரணம் தேடுவது வீண்வேலை. இந்த அபிப்பிராயத்திலிருந்து மூன்று உபதேசங்கள் பிறந்து, அலுவலகத்திலும் கடையிலும் அண்டை வீட்டிலும் ஒரே குரலில் ஓதப்பட்டு வருகின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போடு என்பது முதலாவது. டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவு என்பது இரண்டாவது. இரண்டும் பலிக்காவிட்டால் அந்தப் பொறியைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கு, அல்லது கம்பியில்லாத் தொடர்பையே கைவிட்டுக் கேபிளுக்குத் திரும்பு என்பது மூன்றாவது. இம்மூன்றும் அனுபவத்தின் பேரால் சொல்லப்படுவதால் இவற்றுக்கு ஒரு மரியாதை ஏற்பட்டிருக்கிறது. அந்த மரியாதை தகுதியற்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. விடிந்தால் தேர்வுக்குப் போகவேண்டிய பிள்ளையின் அனுமதிச்சீட்டு அச்சாகாமல், பொறியின் விளக்கு எரிந்துகொண்டிருக்க, காகிதமும் மையும் நிறைந்திருக்க, கணினித் திரையில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்ற அறிவிப்பு அசையாமல் நிற்குமானால், பெற்றோர் அந்த யந்திரத்தின்மேல் கோபங்கொள்வது இயற்கைதான். முதலிரண்டு உபதேசங்களும் பல சமயங்களில் பலிக்கவும் செய்கின்றன. ஆனால் ஒரு பரிகாரம் சில வேளைகளில் பலிப்பதனாலேயே அதைச் சொன்னவருக்குக் காரணம் தெரியும் என்று ஆகிவிடாது. அது ஏன் பலித்தது என்று கேட்டுப் பார்த்தால், அந்தப் பலனே பொது அபிப்பிராயத்துக்கு எதிரான சாட்சியாக நிற்பதைக் காணலாம். அச்சாகாமைக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. அக்காரணம் பெரும்பாலும் பொறிக்குள் இல்லாமல், கணினிக்கும் பொறிக்கும் இடையேயுள்ள வழியில் இருக்கிறது. அவ்வழியைப் படிப்படியாகப் பரிசோதிக்கும் எவரும், தொழில்நுட்பக் கல்வி பெறாதவரேயானாலும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். இதுவே என் கட்சி.

கட்டளை பிறந்த மாத்திரத்தில் எழுத்துகள் நேரே காகிதத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆவணம் முதலில் பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. மாற்றப்பட்டது வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்கிறது. விண்டோஸ் கணினியில் அந்த வரிசையை நடத்துவது ஸ்பூலர் என்னும் சேவை. ஸ்பூலர் அதனை ஒரு போர்ட் மூலமாக வெளியே அனுப்புகிறது. பல வீடுகளில் பொறியின் ஐ.பி. முகவரி எழுதப்பட்டிருப்பது அந்தப் போர்ட்டில்தான். அங்கிருந்து ரேடியோ அலையாக ரௌட்டருக்கும், ரௌட்டரிலிருந்து மீண்டும் அலையாகப் பொறிக்கும் சென்று, அது பொறியால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே மை காகிதத்தில் படுகிறது. இத்தனை கைமாற்றங்களில் எந்த ஒன்று தடைப்பட்டாலும், வெளியில் தோன்றும் அறிகுறி ஒன்றே: காகிதம் வரவில்லை. ‘ஆஃப்லைன்’ என்ற அந்த அறிவிப்பும், கணினி கேட்டது, பதில் வரவில்லை என்பதற்கு மேலாக ஒன்றையும் தெரிவிப்பதில்லை. பல காரணங்களுக்கு ஒரே அறிகுறி இருப்பதைக் கண்டு, காரணமே இல்லை என்று முடிவுகட்டியதுதான் நம்மவர் செய்த முதற் பிழை.

இனி முதல் உபதேசத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் மின்வெட்டுக்குப் பிறகு அச்சுப்பொறி பேசாமற் போவது பலரும் கண்ட விஷயம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குவது ரௌட்டர். 1997 ஆம் ஆண்டு இன்றைய வடிவில் வரையறுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்னும் நெறிப்படி, அது முகவரியைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, குறித்த காலத்துக்குக் குத்தகையாகவே கொடுக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பியதும் பல வீட்டு ரௌட்டர்கள் தாம் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலையே இழந்துவிடுகின்றன; அந்த நேரத்தில் கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் முந்திக்கொண்டு முகவரி கேட்க, நேற்றுவரை 192.168.1.5 என்றிருந்த பொறி இன்று 192.168.1.9 ஆகிவிடலாம். கணினியின் போர்ட்டிலோ பழைய எண்ணே எழுதப்பட்டிருக்கிறது. குடியிருந்தவர் வேறு வீட்டுக்குப் போனபின் பழைய விலாசத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்து, பதில் வராததற்கு அவர் குணத்தைக் குறைகூறுவது எவ்வளவு நியாயமோ, பொறியைக் குறைகூறுவதும் அவ்வளவே நியாயம்.

எல்லாவற்றையும் மறுபடி அணைத்துப் போட்டால் சில வேளைகளில் பொறிக்குப் பழைய முகவரியே திரும்பக் கிடைத்து அச்சு நடக்கிறது. கிடைக்காத வேளைகளில் நடப்பதில்லை. இது யந்திரத்தின் மனோபாவமன்று, முகவரிப் பங்கீட்டின் விளைவு. இதற்கு நிரந்தர நிவாரணமும் உண்டு: ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று இந்தப் பொறிக்கு இந்த முகவரி என்று ஒருமுறை ஒதுக்கிவைத்து, கணினியின் போர்ட்டிலும் அதே முகவரியை எழுதிவிட்டால், பிறகு எத்தனை மின்வெட்டு வந்தாலும் அந்தக் கோளாறு தலைகாட்டாது. அணைத்துப் போடுவதையே வாழ்நாள் வழக்கமாக்கிக்கொண்ட வீட்டில், கால்மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய இந்த வேலை பல ஆண்டுகளாகச் செய்யப்படாமலே கிடக்கிறது.

அந்த வழக்கத்தில் தீமையும் உண்டு. மை தெளிக்கும் பொறிகளில், வேலை முடிந்ததும் அச்சுத்தலை தன் இருப்பிடத்துக்குத் திரும்பி, நுண்துளைகள் உலராதபடி ஒரு மூடியால் மூடப்படுகிறது. பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் இந்தக் காரியம் ஒழுங்காக நடைபெறும். பொறுமையிழந்து சுவர்ச் சுவிட்சையே அணைப்பவர், தலை மூடப்படாமல் வெளியே நின்றுவிடவும், துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளவும் வழிசெய்கிறார். மேலும், மறுபடி மின்சாரம் ஏறியதும் இத்தகைய பல பொறிகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்வதற்கு மையைச் செலவிடுகின்றன. ஆகவே வழியிலிருந்த கோளாறுக்குப் பொறியைத் தண்டித்து, இல்லாத கோளாறைப் பொறிக்குள் உண்டாக்குவது இந்த உபதேசத்தின் கடைசிப் பலனாகிவிடுகிறது.

இரண்டாவது உபதேசம் டிரைவரைப் பற்றியது. ஆவணத்தைப் பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது டிரைவரின் வேலை. பொறி இருக்கும் இடத்தைத் தேடுவது அதன் வேலையன்று. பின் அதை நீக்கி மறுபடி நிறுவினால் அச்சு நடப்பது எதனால்? நிறுவும்போது கணினி வலையமைப்பைப் புதிதாகத் தேடி, பொறியின் தற்போதைய முகவரியைக் கண்டு, புதிய போர்ட் ஒன்றை ஏற்படுத்திக்கொள்கிறது. குணம் தந்தது அந்தப் புதிய முகவரி. பெயர் வாங்கிக்கொண்டது டிரைவர். முகவரி மறுபடி மாறினால் கோளாறும் மறுபடி வரும். பொறிகளின் பட்டியலில் ஒரே பொறி, நகல் ஒன்று, நகல் இரண்டு என்று பலவாகப் பெருகிக் கிடப்பதைக் காணும் வீடுகளில் இந்த உண்மையே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு வலிமையான மற்றொரு சான்றும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2010 நவம்பரில் கைப்பேசிகளுக்கு ஏர்பிரிண்ட் என்னும் முறையைத் தந்தது; 2013 இல் கேனன், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் கூடி மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு பொறிக்கும் தனி டிரைவர் நிறுவாமலே அச்சிடச் செய்வது இவ்விரண்டின் இலட்சியம். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2023 செப்டம்பரில், பொறி உற்பத்தியாளர்கள் தரும் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. இப்படித் தனி டிரைவரே இல்லாத கைப்பேசியிலிருந்தும் சில வேளைகளில் அச்சு நடப்பதில்லை என்பது யாவரும் அறிந்தது. நீக்கவும் நிறுவவும் ஒன்றுமில்லாத அவ்விடத்தில் இரண்டாவது உபதேசக்காரர் என்ன சொல்வார்?

மூன்றாவது உபதேசம், கம்பியில்லாத் தொடர்பே இந்தக் காரியத்துக்கு ஏற்றதன்று என்பது. ஒரே கணினியும் அதன் அருகிலேயே பொறியும் உள்ள வீட்டில் யூ.எஸ்.பி. கேபிள் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடர்பின் பலவீனத்தால் அச்சு நிற்கிறது என்ற கூற்றைக் கணக்குப் பார்த்துச் சொன்னவர் எவரும் இல்லை. 1999 இல் வந்த வைஃபை முறையே நொடிக்குப் பதினொரு மெகாபிட் வேகத்துக்கு வகுக்கப்பட்டது. அதன் நடைமுறை வேகம் அதிற் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும், சாதாரணக் கடிதப் பக்கம் ஒன்று சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். அதே வீட்டில் அதே அலையில் திரைப்படம் முழுவதும் தடையின்றி ஓடுகிறது. அலையின் சக்தி போதவில்லை என்பது எப்போதாவது, பொறி ரௌட்டரிலிருந்து பல சுவர்களுக்கு அப்பால் இருக்கையில், உண்மையாகலாம். மற்றச் சமயங்களில் தடை வேறிடத்திலிருக்கிறது.

அது இருக்கும் இடங்களையும் சொல்லிவிடலாம். விலை குறைந்த வீட்டுப் பொறிகளிற் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. ஐந்து கிகாஹெர்ட்ஸை மட்டும் இயக்கி வைத்திருக்கும் ரௌட்டர் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. 2018 இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கும்படி புதிய ரௌட்டரை வைத்தால், அதற்கு முற்பட்ட பொறி சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே நுழைய முடியாது. ரௌட்டரை மாற்றிய அன்றே பொறி கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் இதுவும் ஒன்று. விருந்தினருக்கென்று தனியாக வைத்த வைஃபையில் பொறியையோ கைப்பேசியையோ சேர்த்துவிட்டால், அங்குள்ள கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளோடு பேசாதபடி தடுப்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கமாதலால் அச்சு நடக்காது. அலுவலக மடிக்கணினியில் வி.பி.என். இயங்கிக்கொண்டிருந்தால், வீட்டுப் பொறிக்குப் போகவேண்டியதும் அலுவலகத்தை நோக்கியே திருப்பிவிடப்படலாம்.

இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் கவனிக்கத்தக்கது இரட்டை ரௌட்டர் என்ற நிலைமை. இணைய நிறுவனம் பொருத்திவிட்டுப் போன ஃபைபர் மோடமே ஒரு ரௌட்டர். அதன் வைஃபை உள்ளறைக்கு எட்டவில்லை என்று வீட்டார் இன்னொன்றை வாங்கி அதனோடு இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஒரு குறிப்பிட்ட விதத்தில் செய்யப்படாவிட்டால், ஒரே வீட்டுக்குள் இரண்டு தனி வலையமைப்புகள் உண்டாகி, பொறி ஒன்றிலும் கணினி மற்றொன்றிலும் அகப்பட்டுக்கொள்கின்றன. பொறிகள் தம் இருப்பை அறிவிப்பதும் கைப்பேசிகள் அவற்றைத் தேடுவதும் 2013 இல் நெறியாகப் பதிவான எம்.டி.என்.எஸ். என்னும் முறையில் நடைபெறுகின்றன. ஒரு வலையமைப்பின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் போகாதபடியே அந்த அறிவிப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கருவிகளிலும் இணையம் நன்றாக வருவதைப் பார்த்து வைஃபையில் குறையில்லை என்று வீட்டார் முடிவுகட்டுகிறார்கள். பிறகு எஞ்சுவது பொறியொன்றே, பழியும் அதன்மேலேயே விழுகிறது.

அப்படியானால் பரிசோதனை எவ்வாறு நடைபெற வேண்டும்? முதலில் பொறி தனித்து நின்று வேலைசெய்கிறதா என்று பார்க்க வேண்டும்: கண்ணாடியின்மேல் ஒரு தாளை வைத்து நகலெடுத்தால், அல்லது பொறியின் பொத்தான்களைக் கொண்டே அதன் வலையமைப்பு அறிக்கையை அச்சிட்டால், மை, காகிதம், அச்சுத்தலை மூன்றும் சோதனைக்கு உள்ளாகிவிடுகின்றன. இதில் தேறாத பொறி உண்மையிலேயே பழுதுபட்டது. அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகலாம். தேறியதானால், அதே அறிக்கையில் முகவரியைப் படிக்க வேண்டும். அது 169.254 என்று தொடங்குமானால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பொறி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். தேட வேண்டிய இடம் வைஃபை இணைப்பு. முகவரி ஒழுங்காக இருந்தால், அதன் முதல் மூன்று எண்களும் கணினியின் முகவரியிலுள்ள முதல் மூன்று எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாதாரண வீட்டு வலையமைப்பில் அவை ஒத்திராவிட்டால் இரட்டை ரௌட்டரோ விருந்தினர் வைஃபையோ குறுக்கே நிற்கிறது.

ஒத்திருந்தால், அந்த முகவரியைக் கணினியின் பிரௌசரில் தட்டெழுத வேண்டும். வலையமைப்பில் இயங்கும் பொறிகளிற் பெரும்பாலானவை தம்மைப் பற்றிய பக்கம் ஒன்றைத் தாமே வைத்திருக்கின்றன. அது திறந்துவிட்டால் வழி முழுவதும் சீராக இருக்கிறது என்பதும், குற்றம் கணினிக்குள் இருக்கிறது என்பதும் ஐயமற நிரூபணமாகிவிடும். பிறகு பார்க்க வேண்டியவை சிலவே: போர்ட்டில் பழைய முகவரி நிற்கிறதா, வரிசை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா, கெட்டுப்போன ஒரு வேலை முன்னே நின்று பின்னால் வருவனவற்றை மறிக்கிறதா, விண்டோஸ் கடைசியாகப் பயன்பட்ட பொறியையே முதன்மையாக்கிக்கொண்டு, நம் ஆவணத்தை பி.டி.எஃப். கோப்பாக்கும் போலிப்பொறிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதா. வரிசை சிக்கிக்கொண்டிருந்தால், ஸ்பூலர் சேவையை நிறுத்தி, அதன் கோப்புறையில் தேங்கிக் கிடப்பனவற்றை நீக்கி, மறுபடி தொடங்கினால் போதும். ஒவ்வொரு படியிலும் சந்தேகத்துக்கிடமான இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். அணைத்துப் போடுபவர் பத்து முறை செய்தாலும், முதல் முறைக்குப் பின் அவருக்கு அதிகமாகத் தெரிந்தது ஒன்றுமில்லை.

‘இவ்வளவும் சாதாரண ஜனங்களால் ஆகிற காரியமா?’ என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். ஒரு தாளை நகலெடுப்பதும், ஓர் அறிக்கையிலுள்ள நான்கு எண்களைப் படிப்பதும், அவற்றைப் பிரௌசரில் எழுதுவதும், மின்கட்டணத்தையும் ரயில் பயணச்சீட்டையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளும் ஜனங்களுக்கு அப்பாற்பட்டவை என்பதை நான் ஒப்பமாட்டேன். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவது இவற்றைவிடக் கடினமானது. அதைச் செய்யச் சொல்லத் தயங்காதவர்கள் இதைச் சொல்லத் தயங்குவதற்கு நியாயமில்லை.

‘உற்பத்தியாளர்கள் காரணத்தை மறைத்துவைக்கும்போது பாமரன் என்ன செய்வான்?’ என்ற கேள்வி இதனினும் கனமானது. இதில் உண்மை இருக்கிறது. 1980 ஆம் ஆண்டளவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அது அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. பழைய பொறி நின்றுபோனால் காத்திருப்பவர்களுக்கு அதனைத் தெரிவிக்கும்படி நிரலைத் திருத்திவைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பி அதன் மூலநிரலைக் கேட்க, அது அவருக்கு மறுக்கப்பட்டது. 1983 இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டதற்கு அந்த மறுப்பும் ஒரு தூண்டுதல் என்பது அவரே பலமுறை எடுத்துரைத்த வரலாறு. அந்தச் சம்பவம் யார் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது? பொறி காரணமின்றி நிற்கும் என்று அவர் நம்பியிருந்தால் மூலநிரலைக் கேட்டிருக்கவேமாட்டார். காரணம் உண்டு, அதை அறியும் உரிமை பயன்படுத்துவோனுக்கும் உண்டு என்ற நம்பிக்கையே அவரைக் கேட்கச் செய்தது. பொறியின் குணம் அப்படித்தான் என்று சும்மா இருப்பவர்கள், ‘ஆஃப்லைன்’ என்ற மொட்டை அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களை எந்தக் கேள்வியும் கேட்க முடியாதவர்களாகிறார்கள்.

கடைசியாக, புதிய பொறி வாங்கு என்ற யோசனை. புதியதற்கும் முகவரி கொடுக்கப்போவது அதே ரௌட்டர். அது நிற்கப்போவதும் அதே இரட்டை வலையமைப்பில். நிறுவிய அன்று சரியாக இயங்கி, அடுத்த முகவரி மாற்றத்தில் அதுவும் நின்றுவிடும். வீட்டார் இம்முறையும் அதே தீர்ப்பைச் சொல்வார்கள். பழையது போகும் இடத்தையும் நினைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகள், அச்சுப்பொறியையும் அதன் மைக்குடுவையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. பழுதில்லாத யந்திரத்தைக் கழிவாக்குவது குடும்பத்தின் பணத்துக்கு நஷ்டம். ஊரின் மண்ணுக்கும் நீருக்கும் கேடு.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இது. அடுத்த முறை காகிதம் வராதபோது சுவிட்சுக்குக் கை போகுமுன், பொறி தனியே நகலெடுக்கிறதா, அதற்கு முகவரி இருக்கிறதா, அந்த முகவரி கணினியிலிருந்து திறக்கிறதா என்று மூன்று கேள்விகளை அந்த வரிசையிலேயே கேளுங்கள். காரணம் தெரிந்ததும் அதற்குரிய திருத்தத்தை மட்டும் செய்யுங்கள். பொறிக்கு ஒரு முகவரியை ரௌட்டரில் ஒதுக்கி, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பொறியின்மேல் ஒட்டிவையுங்கள். அண்டை வீட்டார் ஆலோசனை கேட்டு வந்தால் அவர்களுக்கும் இந்த மூன்று கேள்விகளையே சொல்லிக்கொடுங்கள்.